ஊதா கார்னெட்டும் அப்பாவின் வால்வும்

ஹார்ட்ஸ் ரேஞ்ச்,
செப்டம்பர் கடைசி, ஞாயிறு.

அன்புள்ள ரோவெனாவுக்கு,

நாங்கள் இங்கே நலம், உன் நலம் அறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். நான் உடம்பால் நலம், மனத்தால் இல்லை. உன் அப்பா இரண்டாலும் இல்லை. நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும், தினமும் காலையில் நீ அவரோடு பேசும் குரல் தொலைபேசியிலிருந்து கசிந்து அடுப்படி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது, சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தாய். இந்தக் காலத்தில் யார் கையால் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ முகம் சுளிப்பாய். போனில் பேசினால் அவர் காதில் விழும். கணினியில் தட்டினாலோ, ஒவ்வொரு கடுமையான வார்த்தையையும் அழித்து அழித்து, கடைசியில் நல்லவளாகி, அன்புடன் அம்மா என்று இரண்டு வரி அனுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் அழிக்க முடியாத பேனாவில் எழுதுகிறேன். நாளைக்கு மளிகை வாங்க ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகும்போது இதை அவர் கண்ணில் படாமல் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். முழுவதையும் படி. நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன்.

முதலில் நீ கேட்காத செய்தி. அப்பாவின் இதயத்தில் இருக்கிற வால்வு இன்னும் குறுகிவிட்டது. ஜூனில் அடிலெய்டிலிருந்து வந்த இதய டாக்டர் படம் போட்டுக் காட்டி, கதவு பாதிகூடத் திறக்கவில்லை, மாற்றியே ஆக வேண்டும், வெயில் காலம் தொடங்குவதற்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று சொன்னதும், ஆகஸ்டில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்ததும் உனக்குத் தெரியும், நானே சொன்னேன். அந்தத் தேதிக்கு அவர் போகவில்லை என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் ஏன் போகவில்லை என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா? கேட்க மாட்டாய். கேட்டிருந்தால் பதிலில் உன் பெயர் வந்திருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் நல்லவர்கள், அக்டோபர் இரண்டாவது வாரத்துக்கு இன்னொரு தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தப் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும், அப்புறம் புது வருஷத்துக்குப் பிறகுதான். புது வருஷம் வரைக்கும் அவர் இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. எழுதிவிட்டேன், நீயும் படித்துவிட்டாய்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரி நினைவில் வைத்திருப்பாய். ஜூலையில் கேரவன் கூட்டம் நிறைந்திருந்த சமயம், அப்பா ஓடையின் மேல்புறத்தில், பயணிகள் சலித்துக் கல் தேடுவதற்காகச் சரளை அள்ளப் போனவர், சல்லடையில் ஒரு கைப்பிடி ஊதா நிறக் கார்னெட் கற்களைக் கொண்டுவந்தார். வழக்கமாக நம் ஓடையில் வரும் கறுஞ்சிவப்பு இல்லை, நல்ல திராட்சை ஊதா, சின்னச் சின்ன மணிகள். அழகாகத்தான் இருந்தன, நான் மறுக்கவில்லை. அவற்றை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் படமெடுத்து உனக்கு அனுப்பினார். நீ உடனே கூப்பிட்டாய். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், நானும் கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, இந்த ஊதாவை நான் தினமும் மைக்ராஸ்கோப்புல பாத்துக்கிட்டிருக்கேன். இது பைரோப். சும்மா பைரோப் இல்ல, குரோமியம் இருக்கிற பைரோப். பூமிக்கு அடியில வைரம் எங்க உண்டாகுதோ அங்கிருந்து வர்றது. இது இருந்தா பக்கத்துல எங்கியோ வைரத்தை மேல தூக்கிட்டு வந்த குழாய்ப் பாறை இருக்குன்னு அர்த்தம். நீ யார்கிட்டயும் மூச்சு விடாத, முதல்ல இடத்தைப் பதிவு பண்ணு."

படத்தைப் பார்த்து, ரோவெனா. போனில் எடுத்த படத்தைப் பார்த்து.

நீ இருக்கிற ஊரில் அது சரி. கனடாவின் அந்த வடக்கில் பனியாறுகள் அரைத்துப் போட்ட மண்ணை மூட்டை மூட்டையாகக் கழுவி, அதில் ஊதா மணி ஒன்று கிடைத்தால் உங்கள் ஆய்வுக்கூடமே எழுந்து நின்று கைதட்டும், அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தேடிப்போய் வைரச் சுரங்கம் கண்டுபிடிப்பீர்கள். அது உன் வேலை, அதில் நீ கெட்டிக்காரி, எனக்குப் பெருமைதான். ஆனால் நீ பிறந்தது இங்கே. பல் முளைப்பதற்கு முன்னால் கார்னெட்டை வாயில் போட்டு மென்றவள் நீ. ஊதா என்றால் அங்கே ஒன்று, இங்கே வேறொன்று என்பது உனக்குத் தெரியாதா? உன் கண் அந்த ஊர்க் கண் ஆகிவிட்டது, அந்தக் கண்ணால் எங்கள் ஓடையைப் பார்த்துவிட்டாய்.

கார்னெட் என்பது ஒரு கல் இல்லை, ஒரு குடும்பம். இதை உனக்கு முதன்முதலில் சொன்னது பல்கலைக்கழகம் இல்லை, சலிக்கும் மேசை பக்கத்தில் நின்று நான்தான் சொன்னேன். வீட்டின் அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அறைகளில் யார் குடியேறுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். மெக்னீசியம் வந்து உட்கார்ந்தால் பைரோப், இரும்பு உட்கார்ந்தால் அல்மண்டைன், மாங்கனீசு என்றால் மலைக்குப் பின்னால் பழைய மைக்கா சுரங்கங்களில் கிடைக்கிற ஆரஞ்சு நிற ஸ்பெசார்டைன், சுண்ணாம்புப் பாறையின் மேல் பாறைக்குழம்பு ஏறி வெந்த இடத்தில் கால்சியம் உட்கார்ந்தால் தேன் நிறக் கோமேதகம். யாரும் தனியாகக் குடியிருப்பதில்லை, எப்போதும் இருவர் மூவர் கலந்துதான் இருப்பார்கள், யார் எவ்வளவு என்பதை அந்தந்த இடத்து மண்ணும் சூடும் அழுத்தமும் முடிவு செய்கின்றன. நம் மலை எதில் செய்தது? கடலடிச் சேற்றில். சேறு புதைந்து, மலையின் கனம் மேலே ஏறி அழுத்தி, வெந்து, வரிவரியான பாறையாகும்போது, சேற்றில் இருந்த இரும்பும் அலுமினியமும் சேர்ந்து அந்தப் பாறைக்குள்ளேயே கார்னெட்டாக முளைத்தன. கொஞ்சம் மெக்னீசியம் கூடுதலாகக் கிடைத்த இடத்தில் அதே கல் கறுஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு நகர்கிறது. அவ்வளவுதான். அடித்தளத்திலிருந்து வந்த விருந்தாளி இல்லை அது, இந்த வீட்டுப் பிள்ளைதான், கொஞ்சம் வேறு நிறத்தில் பிறந்திருக்கிறது. உன் கனடாக் கல் இதைப்போல் ஐந்தாறு மடங்கு ஆழத்தில் பிறந்து, எரிமலைக் குழாய் வழியாக ஒரே மூச்சில் மேலே வந்தது, அதற்கு ஊதா கொடுப்பது குரோமியம். இரண்டையும் வெள்ளைத் தட்டில் வைத்துப் படமெடுத்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால்தான் படத்தை வைத்துச் சொல்லக் கூடாது என்பது.

நூறு வருஷத்துக்கும் முன்னால் இதே ஓடைகளில் சிவப்பைப் பார்த்து மாணிக்கம் என்று முடிவு கட்டி, குதிரையிலும் ஒட்டகத்திலும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி, மூட்டை மூட்டையாக லண்டனுக்கு அனுப்பியவர்கள் இருந்தார்கள். எல்லாம் கார்னெட் என்று அங்கே தெரிந்தவுடன் ஒரே வருஷத்தில் காணாமல் போனார்கள். பயணிகளுக்கு நான் தினமும் சொல்லிச் சிரிக்க வைக்கிற கதை அது. இந்த ஜூலையிலிருந்து எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அதே பைத்தியம் என் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்து என் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

நீ கூப்பிட்ட மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இப்போது வர முடியாது, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவே இல்லை. பக்கத்துப் பண்ணை பாஸ்கோவிடமிருந்து பொக்லைனை இரவல் வாங்கி ஓடையின் மேல்புறத்தில் குழி தோண்ட ஆரம்பித்தார். பாஸ்கோவுக்கு இதெல்லாம் கேலிக்கூத்து. "டேய் டெஸ், வைரம் கெடச்சா எனக்கு ஒரு முன்பல்லு கட்டிக் குடுத்துரு, போதும்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே டீசலை ஊற்றிக் கொடுத்தான். நான் சும்மா இருக்கவில்லை. அந்த மணிகளில் ஒன்றை எடுத்து, நிறமாலை பார்க்கும் சின்னக் குழலில் வைத்துப் பார்த்தேன். இரும்பின் மூன்று கறுப்புப் பட்டைகள், மையால் கோடு இழுத்தது போல் தெளிவாக. நான் அவரைக் கூப்பிட்டு, "டெஸ், நீயே பாரு, மூணு பட்டை, இது நம்ம ஊர் அல்மண்டைன்தான், கொஞ்சம் பைரோப் கலந்திருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவர் குழலில் கண்ணை வைக்கக்கூட இல்லை. என்ன சொன்னார் தெரியுமா? "அவ வைரக் கம்பெனியில உக்காந்து பாக்குறா. நீ டூரிஸ்டுக்குக் கல்லு காட்டுற. யார் சொல்றதை நான் கேக்கணும்?" இருபத்தைந்து வருஷம் ஒரே சல்லடையின் இரண்டு பக்கமும் நின்ற மனுஷன். அடிலெய்டில் நான் படித்ததும் இதேதான், நீ படித்த அதே புத்தகம், அதே பாறை. உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு இங்கே வந்தவள் நான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. ஆனால் என் பெண்ணின் படிப்பை எடுத்து என் தலையில் அடிப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. அடித்தவர் மேல் வந்த கோபத்தைவிட, கையில் கட்டையைக் கொடுத்தவள் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. நான் ஏன் அவரை மன்னித்துவிட்டு உன்னை மன்னிக்காமல் இருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் நோயாளி, பயந்துபோயிருக்கிறார். உனக்கு என்ன?

மேவிஸ் வாரம் ஒருமுறை சுகாதார நிலையத்திலிருந்து வந்து அவர் ரத்த அழுத்தம் பார்க்கிறாள், நினைவிருக்கிறதா அவளை, உனக்குப் பள்ளிக்கூட வண்டியில் இடம் பிடித்து வைப்பாளே, அவள் இப்போது எங்கள் எல்லோரையும் விரட்டுகிற நர்ஸம்மா. போன மாதம் வந்தவள் அவர் நெஞ்சில் காதுக்குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "ஏ கிழவா, உள்ள துருப்பிடிச்ச கேட்ட எவனோ தள்ளிக்கிட்டு நிக்குறான், முழுசா மூடிக்கிட்டா அப்புறம் யாரு தெறக்கிறது?" என்றாள். அவர் வைரம் கிடைத்ததும் புதுக் கேட் போட்டுக்கொள்கிறேன் என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்க இந்தச் செவப்புக் கல்லு மேல நடந்துதான் வளந்தோம். இதுக்காக ஒருத்தனும் செத்ததில்ல. உங்க ஆளுங்கதான் வர்றதும் தோண்டுறதும் சாவுறதுமா இருக்கீங்க" என்றாள். போகும்போது என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னாள். சல்லடைக்குத்தான் இந்த மண்ணின் பூர்வகுடிச் சொந்தக்காரர்களான அவள் மாமாக்கள் தலையாட்டியது, பொக்லைனுக்கு இல்லை, அவர்கள் இன்னும் பார்க்கவில்லை, பார்த்தால் நீ என்ன பதில் சொல்வாய் என்று என்னைக் கேட்டாள். என்ன பதில் சொல்ல? என் பெண் கனடாவிலிருந்து போன் பண்ணினாள் என்று சொல்லவா? நான் போய் அந்த மாமாக்களிடம் மன்னிப்புக் கேட்டு, குழிகளை மூடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இனி உன் மின்னஞ்சலுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா தபாலில் அனுப்பிய மணிகளை உங்கள் ஆய்வுக்கூடத்தில் போட்டுப் பார்த்துவிட்டாயாம், இரும்பு நிறைய, மெக்னீசியம் பாதி, குரோமியம் இல்லவே இல்லை, நான் தப்பு பண்ணிட்டேன்மா, அப்பாகிட்ட நீ மெதுவா சொல்லிடு, நான் சொன்னா உடைஞ்சிடுவார் என்று எழுதியிருந்தாய். நான் அதை ஒருமுறைதான் படித்தேன். பிறகு நீ இணைத்திருந்த தாளைத் திறந்து பார்த்தேன். முடிவு வந்த தேதி அதில் இருக்கிறது, ரோவெனா. செப்டம்பர் தொடக்கம். ஏறக்குறைய மூன்று வாரம் உனக்குத் தெரியும். அந்த மூன்று வாரமும் நீ தினமும் காலையில் கூப்பிட்டு, இன்னிக்கு எவ்வளவு ஆழம் போன, வைரத்துக்குத் துணையா வர்ற பச்சைக் கல்லு ஏதாவது வந்துதா, கறுப்புல பளபளன்னு கனமா ஏதாவது இருந்துதா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவரும் கேட்டதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே ஒரு இதய நோயாளியை முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் குழிக்குள் இறக்கிவிட்டிருந்தாய். தவறாகச் சொன்னதை நான் மன்னிப்பேன், கல்லைப் பார்த்து ஏமாறாத ஆள் கிடையாது, நானும் ஏமாந்திருக்கிறேன், இந்த மலையைப் பார்த்து ஒரு நாடே ஏமாந்திருக்கிறது. ஆனால் தெரிந்த பிறகு பேசாமல் இருந்ததற்குப் பெயர் வேறு. அதைவிடக் கேவலம், அதைச் சொல்கிற வேலையை என் தலையில் கட்டியது. சந்தோஷச் செய்தியை நீ சொல்வாய், துக்கச் செய்தியை நான் சொல்ல வேண்டும், நல்ல பங்கீடு.

செவ்வாயும் புதனும் நான் சொல்லவில்லை. உனக்காக இல்லை, அவ்வளவு கோபத்தில் சொன்னால் வார்த்தை தாறுமாறாக வரும் என்றுதான். வியாழக்கிழமை அவர் குழி ஓரத்தில் விழுந்துவிட்டார். பாஸ்கோ பார்த்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்து தூக்கினான். ஒரு நிமிஷம் நினைவில்லை, பிறகு கண் திறந்து, கால் வழுக்கிவிட்டது என்றார். பாஸ்கோ முகம் வெளுத்துப்போய் என் முன்னால் வந்து நின்று, "கொரின், நான் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன், இப்படின்னு தெரிஞ்சா சாவியைக் குடுத்திருப்பனா" என்று அழுதான். அந்த முரட்டு ஆள் அழுது நான் பார்த்ததே இல்லை. பொக்லைனை அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை, உன் போன் வருவதற்கு முன்னால், சொல்லிவிட்டேன். மெதுவாகவெல்லாம் சொல்லவில்லை. உன் தாளை மேசையில் வைத்து, "குரோமியம் இல்ல டெஸ். இது நம்ம மலைக் கல்லு. அவளுக்கே மூணு வாரமா தெரியும்" என்றேன். கத்துவார், தாளைக் கிழிப்பார், உன்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். நானும் சேர்ந்து திட்டத் தயாராக இருந்தேன். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார், தடவித் தடவி ரொட்டி ஓட்டையாகிவிட்டது. பிறகு சொன்னார். "எந்தக் கல்லா இருந்தா எனக்கென்ன கொரின். மூணு வருஷமா கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை, பொறந்த நாளுக்கு ஒரு தடவை பேசுன பொண்ணு. இந்த ரெண்டு மாசமா தெனமும் கூப்பிடுறா. அப்பா நீ என்ன நெனைக்கிறன்னு என்கிட்ட கேக்குறா. நான் ஆபரேஷனுக்குப் போனா என்ன ஆகும்? உடம்பு எப்படின்னு ரெண்டு நாள் கேப்பா. அப்புறம்?"

 அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் எனக்கு இருந்தது ஒரு கோபம், அதற்குப் பிறகு இருப்பது வேறு கோபம். இரண்டில் எது பெரிது என்று இரண்டு நாளாக எடை போட்டுப் பார்க்கிறேன். வைரப் பைத்தியம் என்று நினைத்து நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு வைரமே வேண்டியிருக்கவில்லை. உன் குரல் நிற்கக் கூடாது என்பதற்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார், அதற்காக வால்வைக் கொடுக்கவும் தயாராக இருந்தார், அட முட்டாளே என்று அவரையும் திட்டினேன், சத்தமாகவே திட்டினேன். "நீ அவ அப்பாங்கறதுக்கு ஓடையில கல்லு இருக்கணுமா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "நீயே சொல்லு, இல்லாமப் பேசுனாளா?" என்றார்.  அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் நீயே சொல்.

சொல்ல வேண்டியது இதுதான். ஆஸ்பத்திரிக்கு வருவாரா மாட்டாரா என்று நானும் மேவிஸும் பாஸ்கோவும் கேட்டுப் பார்த்துவிட்டோம். யோசிக்கிறேன் என்கிறார். உன் தாளைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அவளே சொன்னாளா, உன்கிட்ட சொல்லச் சொன்னாளா என்று. நான் பொய் சொல்லவில்லை. இனிமேல் உனக்காக ஒரு வார்த்தையும் நான் சொல்லப் போவதில்லை, நல்லதும் கெட்டதும். இதைப் படித்தவுடன், உங்கள் ஊரில் மாலையாகும் வரைக்கும் காத்திருந்து, எங்கள் காலையில் அவரைக் கூப்பிடு. நான் தப்பாகச் சொன்னேன், தெரிந்தும் மறைத்தேன் என்று உன் வாயால் சொல். அழாதே, நீ அழுதால் அவர் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், உன் பேச்சு முடிந்துவிடும். பிறகு அடிலெய்டுக்குப் போகச் சொல். நீ போனால் நான் கனடாவிலிருந்து வந்து உன் பக்கத்தில் உட்காருவேன் அப்பா என்று சொல்ல முடியுமானால் சொல், முடியாதென்றால் சொல்லாதே, இன்னொரு பொய்யை அவர் தாங்க மாட்டார். விடுமுறை கிடைக்காது, பனிக் காலத்துக்கு முன்னால் மண் மாதிரிகளை எல்லாம் முடிக்க வேண்டும் என்று நீ சொல்வாய், எனக்கு அந்த வேலையின் அவசரம் தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். கார்னெட் பற்றிப் பேச வேண்டுமென்றால் பேசு, அவருக்கும் பிடிக்கும், நீ சின்னதாக இருக்கும்போதிலிருந்து உங்கள் இருவருக்கும் அதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஆனால் அதில் ஆரம்பிக்காதே. முதலில், நேற்று ராத்திரி எப்படித் தூங்கினாய் அப்பா என்று கேள். அவரால் மல்லாந்து படுக்க முடிவதில்லை, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். உனக்கு இது தெரியாது. தினமும் பேசினாய், இது தெரியாது.

மற்றபடி இங்கே செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. பயணிகள் குறைந்துவிட்டார்கள், வெயிலில் யார் சலிக்க வருவார்கள். தண்ணீர்த் தொட்டியின் அடி மறுபடி ஒழுகுகிறது. குழிகளை நானும் பாஸ்கோவும் மூடிக்கொண்டிருக்கிறோம், மேவிஸின் மாமா ஒருவர் வந்து நிழலில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், அங்கே இன்னும் கொஞ்சம் என்று கை காட்டிக்கொண்டிருக்கிறார், அவர் சொல்கிறபடியே செய்கிறோம். உனக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலையில் பெரிய ஆளாக வருவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் ஒரு கல்லைப் பார்த்தவுடன் இன்னது என்று சொல்லிவிடுகிற அந்த அவசரத்தை விட்டுவிடு. எந்த மண்ணில் பிறந்தது, எவ்வளவு சூட்டைத் தாங்கியது, பக்கத்தில் என்னவெல்லாம் இருந்தது என்று கேட்காமல் நிறத்தை வைத்துப் பெயர் வைக்காதே. அங்கே குளிர் இறங்கியிருக்கும். காதை மூடிக்கொள், சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடாதே. நான் கோபமாக இருக்கிறேன், இன்னும் ரொம்ப நாள் இருப்பேன், அதற்காக நீ நன்றாக இருக்கக் கூடாது என்று ஒரு நொடியும் நினைத்ததில்லை. நல்ல உடம்போடும் நேரான மனத்தோடும் இரு, அதுதான் என் ஆசி.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. முந்தாநாளும் நேற்றும் இன்றும் நீ கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை, கோபம் என்று நினைத்திருப்பாய். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் போன் பக்கத்தில் உட்காருவதில்லை, வெளியே கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். இன்றைக்கு மணி அடித்ததும் எழுந்துவிட்டார், நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். நாலடி வைப்பார், நிற்பார், மறுபடி நாலடி. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நீ வைத்துவிட்டாய். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நீ கூப்பிடும்போது மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், வைக்காதே. அவர் வந்துகொண்டிருப்பார்.

உன் அம்மா,
கொரின்